நின்ற இடத்தை முதலில் கேள்

வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாக ஏறிவரும் பழைய கார் பெரகலைக்கு வருமுன் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் சூட்டால் வந்த வருத்தம். அதே கார் அப்புத்தளையில் இரவு முழுக்க மூட்டத்தில் கிடந்து, விடிய ஸ்டார்ட்டாகி, ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் இழுத்து இழுத்து நின்றால் அது ஈரம். தம்பேதன்னை ரோட்டில் குழி விழுந்த இடங்களில் மட்டும் நின்று நின்று வந்தால் எங்கேயோ ஒரு வயர் கழன்றும் கழலாமலும் இருக்கிறது. சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், கீழே வெல்லவாயச் சூடும் மேலே விலகாத மூட்டமுமாக இருக்கிற ஊரில் வேலை பழகுகிறாய். பாதிப் பரிசோதனையை ரோடே செய்து முடித்துவிட்டுத்தான் காரை உன்னிடம் அனுப்புகிறது. அந்தப் பாதியைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

பழைய கார் இனி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. கொட்டிலில் கிடந்த ஒஸ்டினையும் மொரிஸ் மைனரையும், எண்பதுகளின் சன்னி, கொரோல்லா, லான்சர்களையும் அந்த இடைவெளியில் தூசி தட்டி எடுத்தார்கள். விலை ஏறிய பிறகு யாரும் அவற்றை இரும்புக்குப் போடப் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுபோகும் காரை, அதிலும் கரண்ட் கோளாறால் நிற்கும் காரை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. பொனட்டைத் திறக்குமுன் வாயைத் திற. கார்க்காரர் வரும்போதே தீர்ப்போடு வருவார். “பாஸ், கொயில் போயிடுச்சு, புதுசு போடுங்க” என்பார். “போடலாம் ஐயா, எந்த எடத்துல நின்னுச்சு?” என்று கேள். ஏற்றமா, இறக்கமா, வளைவா? ஓடத் தொடங்கி எவ்வளவு நேரம்? மழையா, மூட்டமா? லைட், வைப்பர் போட்டிருந்தாரா? எத்தனை நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட்டானது? டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? கடைசியாக யார், எதில் கை வைத்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அனேகமானவர்கள் “ஒண்ணுமில்லை” என்பார்கள். கொஞ்சம் பொறுத்திரு. “ரேடியோ மட்டும் மாட்டினோம்” என்று வரும்.

2. எப்படி நின்றது என்பதைத் தனியாகக் கேள். கரண்ட் போனால் என்ஜின் சுவிச்சை அணைத்த மாதிரி ஒரே வெட்டில் நிற்கும். பெட்ரோல் போனால் இருமும், குலுங்கும், கொஞ்சம் பிடிக்கும், பிறகு நிற்கும். இது எல்லா நேரமும் சரியாக இராது. இருந்தாலும் எந்தப் பக்கம் தொடங்குவது என்று சொல்லிவிடும். இன்னொரு சாட்சி டாஷ்போர்டில் இருக்கிறது. கார் நின்று, சாவி இன்னும் ஓனில் இருக்கும்போது சார்ஜ் லைட்டும் ஒயில் லைட்டும் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் கொயிலையும் பிளக்கையும் இப்போதைக்கு மறந்துவிடு. சாவி சுவிச்சுக்கே கரண்ட் வரவில்லை, அல்லது சுவிச்சிலிருந்து வெளியே போகவில்லை. பற்றரித் தலை, பெரிய ஃபியூஸ், சாவி சுவிச் இந்த மூன்றுக்குள் தேடு.

3. ரோட்டில் நின்ற காரைப் பார்க்கப் போனால் முதலில் சில்லுக்குக் கல் வை, பின்னால் தூரத்தில் இலைக்கொத்து வை. பெரகலை, ஹல்துமுல்லைப் பக்கம் வளைவுக்குள் லொறி எந்த வேகத்தில் வரும் என்று உனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வா. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருபவனை விழுத்துவது அந்தக் கல்தான். கார்க்காரருக்கும் இரண்டு விஷயம் சொல்லி வை. என்ஜின் நின்றுவிட்டால் பூஸ்டர் உள்ள பிரேக் ஒன்றிரண்டு மிதியோடு கல்லாகிவிடும், அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கார் முழுதாக நிற்கும்வரை சாவியை வெளியே இழுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

4. நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க்கைப் பார். இந்தத் தொழிலில் நான் வேறெதையும் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். சூட்டில் நிற்கும் கார் அரை மணி ஆறினால் நல்ல பிள்ளையாகிவிடும். கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு நீ பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைத் தேடி என்ன கிடைக்கும்? ஆகவே கார்க்காரரின் காரிலேயே ஒரு பழைய பிளக்கும் ஒரு பிளக் ஸ்பேனரும் போட்டு அனுப்பு. நின்றவுடன் ஒரு பிளக் வயரைக் கழற்றி, அந்தப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடம்பு என்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். நீலமாக, ‘டக் டக்’ என்று சத்தத்தோடு அடித்தால் கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் பக்கம் போ. மஞ்சளாக, மெலிந்து அடித்தால், அல்லது அடிக்கவே இல்லையென்றால் இக்னிஷன் பக்கம் இரு.

பிளக்கைக் கையில் பிடிக்காதே. பொயின்ட் உள்ள பழைய காரே 15,000 வோல்ட்டுக்கு மேல் அடிக்கும். எலக்ட்ரோனிக் இக்னிஷன் அதைவிடக் கூடுதல். அந்த வகையில் வயரை எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டு ஸ்டார்ட் அடித்தால் இக்னைட்டரும் சாகலாம். பெட்ரோல் வாசம் இருந்தால் இந்த வேலையையே செய்யாதே.

5. கொஸ்லந்தை ஏற்றத்தில் பெட்ரோல் பைப்பில் ஆவி அடைத்து நிற்பதும் உண்டு. சூடான கொயில் சாவதும் அதே இடத்தில்தான், ஆறினால் சரியாவதும் அதே மாதிரிதான். ஈரத்துணி போட்டால் சரியாகிறது என்று ஓட்டுநர்மார் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பம்ப், பைப், கொயில் எல்லாவற்றிலும் ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். எதனால் சரியானது என்று எப்படித் தெரியும்? முதலில் கொயிலில் மட்டும் துணி போடு, ஸ்டார்ட் அடித்துப் பார். பிறகு பம்பில்.

6. டெஸ்ட் பல்பை நீயே செய்துகொள். பழைய பார்க்கிங் லைட்டின் பல்ப், ஹோல்டர், இரண்டு நீள வயர், ஒரு முதலைக் கிளிப், ஒரு ஊசி முனை போதும். டிஜிட்டல் மீட்டர் நல்ல சாமான், அதுவும் வேண்டும். ஆனால் உள்ளே அரித்துப்போய்ப் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை எனலாம். பல்ப் இழுக்கும், அதனால் மங்கிக் காட்டிக்கொடுக்கும். கொம்பியூட்டர் உள்ள காரில் இதைத் திருப்பிப் போடு. அங்கே சென்சர் வயர்களில் பல்பைக் கொண்டு போகவே கூடாது, மீட்டர் மட்டும்தான்.

7. பற்றரியில் தொடங்கு, எர்த்தில் முடி. நல்ல பற்றரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட். என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பற்றரியோ கேபிளோ தளர்ந்துவிட்டது. தலையில் பூத்த பச்சையையும் வெள்ளையையும் அப்பச் சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் பூசு. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஓடும் காரில் பற்றரி ஆடக் கூடாது. ஆடினால் தலையும் லூசாகும், உள்ளே தகடும் உடையும்.

எர்த்தை யாரும் பார்ப்பதில்லை. என்ஜினிலிருந்து பொடிக்குப் போகும் பின்னல் வயர் துருவேறி அறுந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் தலையிலும் மறு முனையை என்ஜின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் அடி. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. மீட்டர் இல்லாத காலத்தில் நாங்கள் சோக் கேபிளைத் தொட்டுப் பார்ப்போம். ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்ட் திரும்பிவர வேறு வழியில்லாமல் அந்தக் கேபிள் வழியாக வரும், கை சுடும். பழைய மைனர், ஒஸ்டின்களில் பற்றரியின் பொசிடிவ்தான் எர்த்தாக இருக்கும். சிலதை இடையில் யாரோ மாற்றியிருப்பார்கள். எது எர்த் என்று பார்க்காமல் ஒரு வயரைக்கூடக் கழற்றாதே.

8. மூட்டத்தில் ஊர்ந்து வரும் மைனருக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. டைனமோ ஐட்லில் சார்ஜ் கொடுக்காது. லூகாஸ் சி40 டைனமோ நன்றாகச் சுற்றும்போது 22 அம்பியர் வரை தரும், ஐட்லில் ஒன்றும் இல்லை. பெரகலையிலிருந்து லொறிக்குப் பின்னால் ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டு நகர்ந்து வந்தால் எல்லாம் பற்றரியிலிருந்துதான் போகிறது. பற்றரி ஏற்கெனவே கிழடு என்றால் வோல்ட் விழும், ஸ்பார்க் மெலியும், அப்புத்தளைச் சந்தியில் நின்றுவிடும். பகலில் இந்தக் கார் ஒரு குறையும் சொல்லாது. ஓட்டுநரிடம் “லைட் மங்கிச்சா, ஹோர்ன் சத்தம் கொறஞ்சிச்சா?” என்று கேட்டால் ஒத்துக்கொள்வார். ஒல்டர்னேட்டர் உள்ள காரில் இது குறைவு. ஆனால் பெல்ட் தளர்ந்தாலும் பிரஷ் தேய்ந்தாலும் கதை அதேதான். ஒல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. செய்யாதே, டயோட் போய்விடும்.

9. சாவியில் தொங்கும் கொத்தைப் பார். வீட்டுச் சாவி, கடைச் சாவி, கொட்டில் சாவி, ஒரு சாமி படம் எல்லாம் சேர்ந்து குழியில் குலுங்கும்போது தேய்ந்த சுவிச் உள்ளே விட்டுப் பிடிக்கும். என்ஜின் ஓடும்போது சாவியை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பார்.

ஸ்டார்ட் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்ட நொடியில் நிற்கும் கார் வந்தால் சந்தோஷப்படு, பாதி வேலை முடிந்துவிட்டது. பலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள காரில் ஸ்டார்ட் அடிக்கும்போது கொயிலுக்கு நேர்வழியில் கரண்ட் போகும், சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகப் போகும். ரெசிஸ்டர் எரிந்திருக்கும், அல்லது சுவிச்சின் ‘ரன்’ முனை தேய்ந்திருக்கும்.

10. லூகாஸ் வயர் நிறங்களை மனப்பாடம் செய். மண்ணிறம் எப்போதும் கரண்ட். வெள்ளை, சாவி போட்டால் கரண்ட். பச்சை, சாவிக்கும் ஃபியூசுக்கும் பிறகு. கறுப்பு எர்த். வெள்ளையில் கறுப்புக் கோடு, கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு. அந்தக் கார்களில் கொயிலுக்குப் போகும் வெள்ளை வயருக்கு ஃபியூஸ் கிடையாது என்பதையும் சேர்த்து மனதில் வை. அது எங்கேயாவது உரசி எர்த்தானால் என்ஜின் நிற்பதோடு முடியாது, புகை வரும். ஃபியூஸ் உள்ள வயரில் சிகரெட் பக்கெட்டின் ஈயத்தாளைச் சுற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியொன்று வந்தால் கழற்றி எறிந்துவிட்டு ஏன் ஃபியூஸ் போனது என்று தேடு.

11. பொயின்ட், கொண்டென்சர். மைனரின் பொயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். பிளக் 0.025 அங்குலம். ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணால் வைக்காதே. பொயின்டின் குதி தேய்ந்தால் இடைவெளி தானாகவே மூடிக்கொண்டு வரும், ஒரு நாள் திறக்காமலே போகும்.

கொயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று இரண்டு முனை இருக்கும். முன்னது சுவிச் பக்கம், பின்னது பொயின்ட் பக்கம். சிபி முனைக்கும் எர்த்துக்கும் இடையில் டெஸ்ட் பல்பை வைத்து ஸ்டார்ட் அடி. பல்ப் விட்டு விட்டு எரிந்தால் பொயின்ட் திறந்து மூடுகிறது. விடாமல் எரிந்தால் பொயின்ட் மூடவில்லை, அழுக்கு அல்லது உள் எர்த் வயர். எரியவே இல்லையென்றால் பொயின்ட் திறக்கவில்லை, அல்லது கொண்டென்சர் உள்ளே எர்த்தாகிவிட்டது, அல்லது கொயிலைத் தாண்டிக் கரண்ட் வரவில்லை. கொண்டென்சர் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தால் கொண்டென்சர்தானா என்று தெரிந்துவிடும். என்ஜின் ஓடும்போது இந்த பல்பை அங்கே மாட்டி வைக்காதே, ஸ்பார்க்கைத் தின்றுவிடும்.

இப்போது பெட்டியில் வரும் புதுக் கொண்டென்சர்களில் பல சூடானதும் கைவிடுகின்றன. வேலை செய்யும் பழைய கொண்டென்சரைப் புதுசு கிடைத்தது என்பதற்காக எறியாதே.

டிஸ்ரிபியூட்டருக்குள் ஒரு சின்ன வயர் இருக்கிறது, வெளி முனையிலிருந்து பொயின்டுக்குப் போவது. அக்ஸிலேட்டரில் கால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் வெக்குவம் தகட்டைத் திருப்பும், அந்த வயர் வளைந்து நிமிரும். வருடக்கணக்காக வளைந்து உள்ளே இழை அறுந்துவிடும், மேல் உறை மட்டும் முழுதாக இருக்கும். கார் நிற்கும்போது ஒழுங்காக ஓடும், ஏற்றத்தில் கால் மாற்றும்போது வெட்டும். இதைக் கண்டுபிடிக்க ரோட்டுக்குப் போகத் தேவையில்லை. வெக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றி வாயால் உறிஞ்சு. தகடு திரும்பும். அந்த நேரம் என்ஜின் வெட்டினால் வயர் அகப்பட்டது. கொயில், பிளக், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்த கார்களில் இந்த இரண்டு அங்குல வயரைப் போல அடிக்கடி அகப்பட்டது வேறொன்றும் இல்லை.

12. கொயிலைச் சூட்டோடு அள. பலாஸ்ட் இல்லாத 12 வோல்ட் கொயிலின் பிரைமரி சுமார் 3 ஓம், பலாஸ்டோடு ஓடும் கொயில் சுமார் ஒன்றரை ஓம். ஆறிய பிறகு சரியான கணக்குக் காட்டும், கை வைக்க முடியாத சூட்டில் அளந்தால் உண்மை தெரியும். ஒன்றரை ஓம் கொயிலைப் பலாஸ்ட் இல்லாத காரில் பூட்டினால் வீட்டிலிருந்து டவுன்வரை ராஜா மாதிரி ஓடும். நீண்ட ஏற்றத்தில் கொதித்து நிற்கும், பொயின்டையும் கருக்கிவிடும். கடையில் இரண்டும் ஒரே உருவத்தில்தான் இருக்கும். மீட்டரோடு கடைக்குப் போ.

கார்க்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை ஓனில் விட்டுக் கிரிக்கெட் கேட்டிருந்தாரா என்றும் விசாரி. பொயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் கொயில் அவ்வளவு நேரமும் வெந்திருக்கும்.

13. மூட்டம். நம் ஊரில் ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை காலையில் வரும் கார்களில் முதலில் டிஸ்ரிபியூட்டர் மூடியைத்தான் கழற்ற வேண்டும். உள்ளே முத்து முத்தாக வியர்த்திருக்கும். துணியால் துடைத்தால் கார் ஓடிப்போய்விடும், ஆனால் அதோடு அனுப்பாதே. நல்ல மூடியும் வியர்க்கும், ஆனால் நிற்க வைக்காது. மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். பென்சிலால் கீறியது போல ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடும் மெல்லிய கரிக்கோடு இருந்தால் அந்த மூடி முடிந்தது, சுரண்டி ஓட்டாதே. நடுவில் உள்ள கரிக்குச்சி உள்ளே தள்ளினால் திரும்பி வருகிறதா என்றும் பார்.

ரோட்டரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். மூடியைக் கழற்றி, கொயிலின் நடு வயரை மரத்துண்டால் பிடித்து ரோட்டரின் பித்தளைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்து. சாவி ஓனில் இருக்க, பொயின்டை ஸ்குரூ டிரைவரால் திற. ரோட்டர் நல்லதென்றால் ஒன்றும் பாயாது. பளிச்சென்று பாய்ந்தால் ரோட்டரைத் துளைத்து அச்சுக்கு எர்த்தாகிறது.

இவை எதிலும் அகப்படாவிட்டால் பொழுது சாயும்வரை காரை வைத்திரு. இருட்டில் பொனட்டைத் திறந்து, என்ஜினை ஓட விட்டு, பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயரால் பிளக் வயர்களின் மேல் மெல்லிய தூறலாக அடி. எங்கே கசிகிறதோ அங்கே நீல நிறத்தில் நெளியும். சோதிக்க மூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

14. பெட்ரோல் கோளாறு மாதிரி நடிக்கும் கரண்ட் கோளாறுகள் இரண்டு. மைனரில் எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப் பொனட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்க வேண்டும். சத்தமே இல்லாமல், ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் பம்புக்குள் இருக்கும் பொயின்ட் தேய்ந்தது. நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் இல்லை, அல்லது காற்று இழுக்கிறது.

ஜப்பான் கார்களின் கார்புரேட்டரில் ஐட்ல் சொலனொயிட் ஒன்று உண்டு. அதன் வயர் விட்டால் கால் வைத்திருக்கும்வரை ஓடும், இறக்கத்தில் காலை எடுத்ததும் செத்துவிடும். சாவியை ஓனில் போட்டு வயரைக் கழற்றி மாட்டு. கிளிக் என்று கேட்க வேண்டும்.

15. முன்னால் ஒருவர் பூட்டிய அலாரத்தை நம்பாதே. களவுக்குப் பயந்து இக்னிஷன் வயரை வெட்டி ரிலே போட்டிருப்பார்கள். ரிமோட் தொலைந்து பல வருடமாகியிருக்கும், ரிலே மட்டும் டாஷ்போர்டுக்குள் துணி டேப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். காஸ் பூட்டிக் கழற்றிய கார்களிலும் பெட்ரோல், காஸ் மாற்றும் சுவிச்சின் வயர்கள் அப்படியே கிடக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஒவ்வொரு மூட்டையும் வெட்டி, ஈயம் பற்றவைத்து, உறை போடு.

16. இன்ஜெக்ஷன் கார். கதிர்காமத்துக்குப் போய் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தவர்கள் “திரும்பி வரும்போது வெல்லவாயவில் நிண்டுச்சு” என்பார்கள். தொண்ணூறுகளின் ஹொண்டாவாக இருந்தால் முதலில் மெயின் ரிலேயைத் திற. ஈயம் பற்றவைத்த இடத்தில் பூதக்கண்ணாடியில் தெரியும் வட்ட வெடிப்பு இருக்கும், திரும்பப் பற்றவைத்தால் முடிந்தது. நிசானின் ஜீஏ என்ஜின்களில் டிஸ்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிச் சென்சர் இருக்கிறது, ஒயில் கசிந்தால் கண் மறைந்துவிடும். இக்னைட்டர், பிக்அப் கொயில்களைச் சோதிக்க முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டு.

அந்தக் காலத்து டொயோட்டாவுக்கு ஸ்கேனர் வேண்டாம். பொனட்டுக்குள் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 முனைகளை ஒரு வயர்த்துண்டால் இணைத்து, சாவியை ஓனில் போடு. செக் என்ஜின் லைட் மின்னி எண் சொல்லும். ஒன்று, இடைவெளி, நான்கு என்றால் 14. இக்னைட்டரிலிருந்து கொம்பியூட்டருக்கு வர வேண்டிய செய்தி வரவில்லை. 12 என்றால் என்ஜின் சுற்றும் செய்தி வரவில்லை.

டாங்கிக்குள் இருக்கும் பம்பைப் பெட்ரோல்தான் குளிர வைக்கிறது. 2022இல் பெட்ரோலுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அன்று அடி டாங்கியில் ஓட்டிப் பழகியவர்கள் இன்னும் அப்படியே ஓட்டுகிறார்கள். பம்பை மாற்றினால் அந்தப் பழக்கத்தையும் மாற்றச் சொல்.

17. எதிலும் அகப்படாத கார் ஒன்று வரும். அப்போது சாமான் வாங்க ஆள் அனுப்பாதே. இரண்டு டெஸ்ட் பல்பை நீள வயரோடு எடு. ஒன்றைக் கொயிலின் எஸ்டபிள்யூ முனையிலும் மற்றதைப் பெட்ரோல் பம்பின் கரண்ட் முனையிலும் மாட்டி, இரண்டின் மறுமுனையையும் எர்த் செய்து, வயர்களைச் சூடான இடத்திலும் விசிறியிலும் படாமல் கட்டி, பல்புகளை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவா. டைமிங் லைட் இருந்தால் அதன் கிளிப்பைக் கொயிலின் நடு வயரில் கவ்வி, லைட்டையும் உள்ளே எடு. ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும், பல்பைப் பார்ப்பது உன் வேலை. குலுக்கத்தில் நிற்கும் காரென்றால் தம்பேதன்னை ரோட்டில் போ. சூட்டில் நிற்பதென்றால் கொஸ்லந்தைக்கு இறங்கித் திரும்பி ஏறு.

கார் வெட்டும் நொடியில் என்ன நடந்தது? கொயில் பல்ப் அணைந்தால் சுவிச்சிலிருந்து கொயில்வரை உள்ள வழியில் கோளாறு. பம்ப் பல்ப் மட்டும் அணைந்தால் பம்பின் ரிலே, ஃபியூஸ், வயர். இரண்டும் எரிகின்றன, ஆனால் டைமிங் லைட் மின்னவில்லையென்றால் பொயின்ட், கொண்டென்சர், கொயில். கியரில் கார் இழுபடும்போது டைமிங் லைட் ஒழுங்காக மின்னியும் என்ஜின் பிடிக்கவில்லையென்றால் மூடி, ரோட்டர், பிளக் வயர், அதையும் தாண்டினால் பெட்ரோல். இரண்டு பல்புக்கும் ஒரு லைட்டுக்கும் தெரியாமல் ஒரு கார் நிற்பது அபூர்வம்.

18. ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்று, மாற்றியதும் ரோட்டில் ஓட்டிப் பார். கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலிருந்து வந்தது என்பது ஒரு சாமானுக்குச் சான்றிதழ் ஆகாது. அங்கே தங்கமும் கிடைக்கும், தகரமும் கிடைக்கும். பூட்டுமுன் அளந்து பார்.

19. என்.வி.கியூ தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் வகுப்பில் படிக்கும் வயரிங் படத்தைக் கராஜ் சுவரில் ஒட்டுங்கள். பாஸ்மார் சிரித்தால் சிரிக்கட்டும்.

20. கழற்றிய பழைய சாமானைக் கார்க்காரரின் கையில் கொடு. கார் எங்கே, எப்படி நின்றது, எதைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்தாய் என்று பில்லின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கொடு. நாளைக்கு அந்தக் கார் பதுளையில் நின்றால், அங்கே பொனட்டைத் திறக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படும்.